எங்கள் ஆஸ்பத்திரி தரமுயர்ந்த கதை

அன்று காலை எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு லொறிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. ஒன்று உள்ளேயிருந்து வெளியே வரவேண்டும். மற்றது வெளியேயிருந்து உள்ளே போகவேண்டும். வாசலோ ஒரு லொறிக்கே இறுக்கமானது. சாரதிகள் இருவரும் இறங்கி வந்து என் கடையில் ஆளுக்கொரு பிளேன்டீ குடித்துக்கொண்டு, யார் பின்னுக்கு எடுப்பது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வர நின்ற லொறியில் வார்ட்டுக் கட்டில்கள். கால்கள் வானத்தைப் பார்க்க, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். உள்ளே போக நின்ற லொறியில் கடதாசிப் பெட்டிகள். உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதியிருந்தது ஆங்கிலத்தில், அதுவும் தலைகீழாக.

சீனித்தம்பி அண்ணன் என் கடையின் வாங்குப் பலகையில் இருந்தார். மடியில் ஒரு சீலைப் பை. அதற்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு சாரன், ஒரு துவாய், சவர்க்காரத் துண்டு, தண்ணீர் குடிக்க ஒரு பேணி. வார்ட்டில் படுக்க வரும்போதெல்லாம் அவர் கொண்டுவருகிற பை.

"புள்ள, அந்தா மேல கிடக்கிறது என்ர கட்டில்தானே?"

"எல்லாம் ஒரேமாதிரித்தானே அண்ணன் கிடக்கு. எப்படித் தெரியும்?"

"கம்பியில சிவப்புச் சீலைத் துண்டு கட்டியிரிக்கு பாருங்க. அது நான் கட்டினது." கொஞ்சம் இருமினார். "எங்க கொண்டு போறாங்க?"

"தெரியாதண்ணன்."

"அப்ப வந்த லொறியில புதுக் கட்டில் இரிக்கா?"

பெட்டிகளை இன்னொரு தரம் பார்த்தேன். ஒன்றும் கட்டில் உருவத்தில் இல்லை.

"அதுவும் தெரியாதண்ணன்."

அவர் பையை மடியிலிருந்து எடுத்து வாங்கில் வைத்தார். பிறகு திரும்பவும் மடியில் வைத்தார்.

கடையும் வார்ட்டும்

ஊரின் பெயரை ஏன் எழுதுவதில்லை என்று இந்தத் தொடரை வாசிக்கும் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். எழுதிவிட்டு நாளைக்கு நான் அங்கேதானே தேத்தண்ணி ஊற்றவேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம், அதனால்தான் படுவான்கரை. பழுகாமம் தாண்டி உள்ளே போகிற வீதியில் எங்கேயோ ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணவர் போன பிறகு கடையை நான் ஏற்றுக்கொண்டதைப் போன வாரம் சொன்னேன். அப்போது எனக்குச் சோறு போட்டது அந்த வார்ட்டுத்தான். நோயாளிக்குச் சுடுதண்ணிப் போத்தல் நிரப்ப வருவார்கள். பாணும் பருப்பும் வாங்க வருவார்கள். பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாதென்று பிஸ்கட் வாங்குவார்கள். பின்னேரம் பார்வை நேரம் முடிந்ததும் வாங்கில் இருந்து ஒரு பாடு அழுதுவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

வார்ட்டு என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். ஒரு நீளக் கட்டடம். ஒரு பக்கம் ஆம்பிளைகள், மறுபக்கம் பொம்பிளைகள், நடுவில் பச்சைத் திரை. ஓடு ஒழுகும். என் மகன் அங்கேதான் பிறந்தான். மாரி வெள்ளத்தில் வீதி அறுந்து, வாவிக்கு அக்கரையான எழுவான்கரைப் பக்கம் போக வழியில்லாமல் கிடந்த நாட்கள். நேர்ஸம்மா ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முக்கு புள்ள, முக்கு" என்றது இப்போதும் காதில் இருக்கிறது. குடை எனக்கா, அவவுக்கா, பிறக்கப்போகிறவனுக்கா என்று அந்த நோவிலும் எனக்கு ஒரு யோசனை வந்தது.

பிற்காலத்தில் பிள்ளைப்பேறு எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. வார்ட்டில் படுப்பவர்களும் குறைந்தார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் யாரென்றால், உடம்பில் வருத்தமும் உண்டு, வீட்டில் பார்க்க ஆளும் இல்லை என்ற ஆட்கள்தான்.

சீனித்தம்பி அண்ணன் அதில் ஒருவர். வட்டைக் காவல்காரர். பரந்த வயல் நிலத்தை நாங்கள் வட்டை என்போம். யானை, பன்றி, மாடு இறங்காமல் பார்க்கவேண்டும். வயல் நடுவே ஒரு வாடி, அதுதான் வீடும். மனைவி போய் நெடுநாள். ஒரே மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள்.

ஒவ்வொரு மாரிக்கும் அவருக்கு முட்டு, அதுதான் மூச்சிழுப்பு, வரும். பையைத் தூக்கிக்கொண்டு வருவார். வார்ட்டில் மூக்குக்கு மாஸ்க் மாட்டி மருந்துப் புகை பிடிக்கவைப்பார்கள், ஊசி போடுவார்கள், வேளைக்கு வேளை சோறு கொடுப்பார்கள். சில வாரங்களில் முகம் தெளிந்து, என் கடையில் ஒரு பால் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பவும் வட்டைக்குப் போவார். இப்படியே பல மாரி.

"அது வேற காசு"

லொறிகள் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டம் நடந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு நலன்புரிச் சங்கம் உண்டு. தலைவர் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். எல்லோருக்கும் அதிபர் ஐயா. நானும் உறுப்பினர், கூட்டத்துக்குத் தேத்தண்ணி என்னுடையது என்பதால்.

அதிபர் ஐயா எழுந்து நின்று அறிவித்தார். "வைத்திய வசதி குறைஞ்ச இடங்களுக்கெண்டு அரசாங்கம் விசேஷமா நிதி ஒதுக்கியிரிக்கு. எங்கட ஆஸ்பத்திரியும் அதில தெரிவாயிரிக்கு. தரமுயர்த்தப் போறாங்க."

கைதட்டினோம். நான் தேத்தண்ணித் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன். மனதுக்குள் வார்ட்டு நீண்டுகொண்டே போனது. இன்னும் பத்துக் கட்டில், இன்னும் பத்துக் குடும்பம், பின்னேரத்தில் இடியப்பமும் போடலாம்.

அப்போது டொக்டர் றிஸ்வானா எழுந்தா. ஏறாவூர்ப் பிள்ளை. வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை. சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. அவ சொல்லச் சொல்ல எங்கள் கைதட்டல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ரத்தம் இஞ்சயே பாக்கலாம். ஈசிஜி எடுக்கலாம். சீனி, பிரஷர் எல்லாத்தையும் நேரத்தோட பிடிக்கலாம். அவசர வைத்தியத்துக்கு ரெண்டு கட்டிலோட ஒரு அறை. ஆனா தங்கி நிக்கிற வார்ட்டு இனி இரிக்காது. தங்கிற ஆக்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

அதிபர் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "டொக்டர், தரமுயர்த்துறது எண்டா கூடுறதுதானே? இது குறையுதே?"

"கூடுறதும் இரிக்கு சேர், குறையிறதும் இரிக்கு. வார்ட்டு நடத்த இரவு பகலா நேர்ஸ் வேணும். இப்ப இரிக்கிற ஆக்கள வச்சி ரெண்டையும் நடத்த ஏலாது."

"அப்ப ஆக்களக் கூட்டித் தரச் சொல்லுங்க. அதுதான் காசு வந்திரிக்கே."

"இந்தக் காசு கட்டடத்துக்கும் சாமானுக்கும் சேர். ஆக்களுக்குரியது வேற காசு. அது வரல்ல."

அது வேற காசு. அன்றிரவு முழுவதும் இந்தச் சொல் எனக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. என் வீட்டில் அரிசிக்கு வைத்தது மருந்துக்குப் போகும், மருந்துக்கு வைத்தது மகனின் சப்பாத்துக்குப் போகும். அரசாங்கத்தில் சுவருக்கு வந்தது சுவராகத்தான் நிற்கவேண்டுமாம், மனிசராக மாறாதாம். அது ஒரு ஒழுங்குதான் என்று ஒரு மனம் சொன்னது. என்ன ஒழுங்கோ என்று இன்னொரு மனம் சொன்னது.

வாகை மரத்தடி

ஆஸ்பத்திரி மதிலோரம் வாகை மரத்தடியில் ஊர் கூடியது. "எங்கள் வார்ட்டை மூடாதே" என்று மட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றோம். நானும் கடையை அரைக்கதவு சாத்திவிட்டுப் போய் நின்றேன்.

எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் கதைத்தது கேட்டது.

"கடைக்காரியும் நிக்கிறா பார்."

"நிக்காம? வார்ட்டு போனா கடை படுத்திருமே."

திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபம் நியாயமா என்று தெரியவில்லை. அவள் சொன்னதில் பொய் எது? கடை படுத்துவிடும் என்ற பயம் எனக்கு இருந்தது. சீனித்தம்பி அண்ணன் எங்கே போவார் என்ற பயமும் இருந்தது. இரண்டில் எது என்னை மரத்தடிக்கு இழுத்து வந்ததென்று கேட்டால், இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

நடுவில் டொக்டர் றிஸ்வானா வீதியைக் கடந்து வந்தா. ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு என் கடைக்கு வருகிற பழக்கம். கடை சாத்தியிருந்ததைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி மரத்தடிக்கே வந்துவிட்டா.

"யோகக்கா, நீங்களும் நிக்கிறீங்களா?"

"நிக்கிறன் டொக்டர். கோவிக்காதீங்க. ஏன் நிக்கிறன் எண்டு எனக்கே சரியா விளங்கல்ல."

"எனக்கும்தான் அக்கா." மட்டையில் எழுதியிருந்ததை ஒருதரம் வாசித்தா. "வார்ட்டு வேணும் எண்டு நீங்க சொல்றது சரி. ஆனா நான் அங்க என்ன வைத்தியம் செய்யிறன் எண்டு பாருங்க. ஒரு ரத்தம் பாக்கணும் எண்டாலும் அக்கரைக்கு அனுப்பி, முடிவு வர நாலு நாள். அதுவரைக்கும் ஆளப் படுக்க வச்சிப் பாத்திட்டிருக்கிறன்."

"தேத்தண்ணி போடட்டா?" என்று கேட்டேன். மட்டையை அதிபர் ஐயாவின் கையில் கொடுத்துவிட்டுப் போய் ஊற்றிக் கொடுத்தேன். அதையும் அந்த இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

பின்னேரம் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வார்ட்டை மூடுவது தற்காலிகம் என்றார். அவரோடு வந்த இன்னொருவர் புதிய திட்டத்தில் வார்ட்டே கிடையாது என்றார். இருவரும் தங்களுக்குள் கொஞ்சம் கதைத்தார்கள். கடைசியில், ஊர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒதுக்கின நிதி வேறு ஊருக்குப் போகும் என்று சொன்னார்கள். அது மட்டும் எல்லோருக்கும் உடனே விளங்கியது. மட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

சீனி இல்லாத தேத்தண்ணி

புது ஆஸ்பத்திரி பளபளவென்று வந்தது. வெள்ளைத் தரை, நீலக் கதிரைகள், இலக்கம் எழுதிக் காட்டுகிற பெட்டி. பழைய வார்ட்டைப் பூட்டிவிட்டார்கள். அதற்குள் உடைந்த அலுமாரிகள் போனதாகக் கேள்வி.

கடை படுத்ததா என்று கேட்பீர்கள். படுக்கவில்லை. வெறுவயிற்றோடு இரத்தம் கொடுக்கவேண்டும் என்பதால் சனம் விடிய வெள்ளென வந்து நிற்கும். ஊசி குத்தி எடுத்த மறுநிமிஷம் பசியோடு வீதியைக் கடக்கும். இடியப்பம் சட்டென்று முடிந்துவிடும். தேத்தண்ணி மட்டும் மாறிப்போனது. "சீனி போடாதீங்க அக்கா, டொக்டர் ஏசுவா." ஒரு காலத்தில் சீனி குறைந்தால் சண்டைக்கு வந்த ஆட்கள்தான் இவர்கள்.

என்னையும் பிடித்துக் கையில் பட்டி கட்டிப் பார்த்தார்கள். பிரஷர் இருந்தது. எத்தனை வருஷமாக இருந்ததோ. தலையிடிக்கு வெயில்தான் காரணம் என்று நினைத்து வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போ எதற்காக மரத்தடியில் நின்றேன்? கடைக்காக என்றால் கடை நன்றாக இருக்கிறது. ஊருக்காக என்றால் ஊர் வரிசையில் நின்று மருந்து எடுக்கிறது. ஆனாலும் பின்னேரமானால் அந்தப் பூட்டின வார்ட்டைப் பார்க்க எனக்கு ஒருமாதிரி இருக்கும். சுடுதண்ணிக்கு யாரும் வருவதில்லை. அடுப்பில் கேத்தல் சும்மா கொதித்துக்கொண்டிருக்கும்.

சீனித்தம்பி அண்ணன் அந்தப் பக்கமே வரவில்லை. ஒருநாள் சந்தையில் கண்டு கேட்டேன்.

"கட்டில் இல்லாத ஆஸ்பத்திரிக்கு நான் வந்து என்ன செய்ய?" என்றார். "வாங்கிலயா படுக்க?"

முட்டு இல்லை

மாரி பிறந்தது. மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் உழவு மெஷின் ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பின்பெட்டியில் சீனித்தம்பி அண்ணன், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

அவசர அறைக் கட்டிலில் கிடத்தப் போனார்கள். "கிடத்தாதீங்க, கிடத்தாதீங்க" என்று கையை ஆட்டினார். டொக்டர் றிஸ்வானா தலைமாட்டைச் சுழற்றி உயர்த்தினா. புதுக் கட்டில் அப்படி நிமிரும்.

"ஐயா, படுத்தா மூச்சு கூட முட்டுதா?"

"ஓம். நான் எப்பவும் சாஞ்சுதான் டொக்டர் புள்ள படுக்கிற. வார்ட்டுலயும் தலைமாட்டுக்குக் கல்லு வச்சித்தான் படுத்தனான்."

டொக்டர் அவருடைய காலைப் பெருவிரலால் அழுத்தினா. அழுத்தின இடம் குழியாகவே நின்றது. நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். மெஷினிலிருந்து கோடு கோடாகக் கடதாசி வந்தது. இரத்தம் எடுத்துப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் முடிவும் வந்தது. டொக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டா. முகம் வெளிறியிருந்தது.

"யோகக்கா, இது முட்டு இல்ல. இருதயம். இருதயம் பலவீனமாகி நெஞ்சுக்குள்ள தண்ணி கட்டியிருக்கு. இப்ப வந்ததில்ல இது. கன காலமா இருந்திருக்கும்."

"அப்ப இவ்வளவு நாளும் பிடிச்ச புகை?"

"ஊசியில கொஞ்சம் தண்ணி இறங்கியிருக்கும். படுத்துக் கிடந்ததில இருதயத்துக்கு ஓய்வு கிடைச்சிருக்கும். நேரத்துக்குச் சாப்பாடு. அதில தேறித் தேறிப் போயிருக்கார்." சுவரில் சாய்ந்துகொண்டா. "போன மாரிக்கு நானும்தான் புகை குடுத்தன் அக்கா."

அந்த வார்ட்டு இந்த மனிதரைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததா, அல்லது ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுக்கொண்டிருந்ததா? நான் மட்டை பிடித்து நின்றது எதற்காக?

அம்புலன்ஸ் வந்தது. அண்ணன் ஏற மறுத்தார்.

"அக்கரையில எனக்கு ஆர் இரிக்கா? கூட நிக்க ஆள் கேப்பாங்க. நான் ஆரக் காட்டுற?"

"நான் வாறன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று யோசிக்க நேரமில்லை. கடையைப் பூட்டவும் இல்லை. பக்கத்து ஓட்டோக்காரத் தம்பியிடம் பார்க்கச் சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். பாலத்தைக் கடக்கும்போது வாவி சேற்று நிறத்தில் கிடந்தது. அவர் ஒட்சிசன் மூடிக்குள்ளால் ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

"மகளிட்ட சொல்லாதீங்க. அவ அங்க தனிய."

அக்கரையில்

பெரிய ஆஸ்பத்திரியில் நல்ல வைத்தியம் செய்தார்கள். அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஆனால் கட்டிலுக்கு ஆட்கள் கூடிப்போய்ப் பாயிலும் ஆட்கள் கிடந்தார்கள். சீனித்தம்பி அண்ணனுக்கு முதலில் பாய்தான் கிடைத்தது. சுவரில் சாய்த்து இருத்தினேன். பக்கத்துப் பாயில் ஆரையம்பதிப் பக்கத்து மீன்காரர் ஒருவர், நெஞ்சுவலியோடு வந்தவர். அவருடைய மனைவி தன் தலையணையை எடுத்து அண்ணனின் முதுகுக்கு வைத்தா. கேட்காமலே வைத்தா.

மறுநாள் கட்டில் கிடைத்தது. நான் இரண்டு நாளைக்கொரு தடவை பஸ் ஏறிப் போய்வந்தேன். போகாத நாட்களில் அந்த மீன்காரரின் மனைவி பார்த்தா.

பத்துப் பன்னிரண்டு நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். கால் வீக்கம் வற்றியிருந்தது. கதைக்கும்போது மூச்சு வாங்கவில்லை. கையில் மருந்துக் குளிசைப் பை. உப்புக் குறைக்கவேண்டும், பாரம் தூக்கக்கூடாது, கொஞ்ச நாளைக்குத் தனியே இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

தனியே இருக்கக்கூடாதாம். வட்டை நடுவில், வாடியில், யானைக்கு வெடி கொளுத்துகிற மனிதர்.

எல்லோரும் சரி

டொக்டர் றிஸ்வானாவிடம் போனேன்.

"டொக்டர், அந்த அவசர அறையில ஒரு கட்டில் சும்மாதானே கிடக்கு. கொஞ்ச நாளைக்கு அண்ணன வச்சிருக்க ஏலாதா? சாப்பாடு நான் தாறன்."

அவ அவசர அறைக் கதவைத் திறந்து அந்தக் கட்டிலைப் பார்த்தா.

"வைக்க எனக்கும் ஆசைதான். நாளைக்கு இன்னொரு ஆள் நெஞ்சப் பிடிச்சிட்டு வந்தா எங்க கிடத்துற? அண்ணன் வந்த அண்டைக்கு அந்தக் கட்டில் வெறுமையா இருந்ததாலதானே அவரக் கிடத்தினம்."

டொக்டர் சொன்னது சரி. வார்ட்டு வேண்டும் என்று அதிபர் ஐயா சொன்னதும் சரி. இருக்கிற ஆட்களை வைத்து இரண்டையும் நடத்த முடியாதென்று மேலே சொன்னதும் சரியாகத்தான் இருக்கும். எல்லோரும் சரியாகச் சொல்ல, ஒரு மனிதர் மட்டும் பையோடு வாங்கில் இருக்கிறார் என்றால், அந்தப் பிழை எங்கே கிடக்கிறது? எனக்கு விளங்கவில்லை. படித்தவர்களிடம் கேட்டேன். அவர்களும் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள்.

கடைக்குப் பின்னால் விறகுக் கொட்டில் ஒன்று உண்டு. விறகைத் தள்ளி அடுக்கிவிட்டு ஒரு சாக்குக் கட்டில் போட்டேன். மாரி முடியும் வரை அங்கே இருந்தார். ஊர் என்ன கதைத்திருக்கும் என்று நான் எழுதவேண்டியதில்லை. மழை விட்டு வெயில் கண்டதும், "வட்டையில மாடு இறங்கியிரிக்கும்" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்கவேண்டுமோ என்னவோ. கிளினிக் நாட்களில் மட்டும் தவறாமல் வருவார். வந்தால் சீனி போடாத தேத்தண்ணி, உப்புக் குறைந்த சம்பல்.

மகளுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. குவைத்திலிருந்து எனக்குப் போன் எடுத்தாள். "மாமி, அப்பாவ நீங்க வச்சிருந்தீங்களாம்" என்றாள். இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதோம்.

நாலு சுவரும் ஒரு கூரையும்

போன கோடையில் திரும்பவும் கூட்டம். இன்னும் கொஞ்சம் நிதி ஒதுக்கியிருக்கிறார்களாம். இந்தமுறை ஊரின் கருத்தைக் கேட்கவேண்டும் என்று புதிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். சின்ன வயது. பொறுமையாகக் கேட்டார். கிளினிக் நாள் என்பதால் சீனித்தம்பி அண்ணனும் பின்வரிசையில் இருந்தார்.

நான் எழுந்து, ஆளில்லாதவர்கள் கொஞ்ச நாள் தங்குகிறமாதிரி ஓர் இடம் வேண்டும் என்றேன்.

"அம்மா, அது வார்ட்டா, முதியோர் இல்லமா, ஓய்வு மண்டபமா?" என்று கேட்டார் அதிகாரி. "எந்தத் தலைப்புல கேக்கிறதெண்டு எனக்குத் தெரியணும்."

எனக்குத் தெரியவில்லை. அதிபர் ஐயாவைப் பார்த்தேன். அவர் டொக்டரைப் பார்த்தார். டொக்டர் மேசையைப் பார்த்தா.

அதிகாரி கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். "சரி, இப்படிக் கேக்கிறன். இந்தப் பரிசோதனை வசதிகள நிப்பாட்டிட்டு, அந்த ஆக்கள வச்சிப் பழைய வார்ட்டத் திறந்தா உங்களுக்குச் சம்மதமா?"

பின்வரிசையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. சீனித்தம்பி அண்ணன் எழுந்து நின்றார்.

"ஐயா, எனக்கு மூச்சும் வேணும், சாய ஒரு இடமும் வேணும். ரெண்டுல ஒண்டச் சொல்லெண்டு கேட்டா நான் எதச் சொல்ல?"

சொல்லிவிட்டு இருந்துவிட்டார். அதிகாரி எழுதப்போன பேனையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "முயற்சி பண்ணிப் பாக்கிறன்" என்றார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலை மேசன்மார் வந்து, ஆஸ்பத்திரி வளவின் பின்புறம் ஆப்பு அடித்துக் கயிறு கட்டத் தொடங்கினார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோகிற சாட்டில் போய்க் கேட்டேன்.

"என்ன தம்பி கட்டுறீங்க?"

"தெரியாதக்கா. நாலு சுவரும் ஒரு கூரையும் எண்டுதான் சொன்னாங்க."

டொக்டரிடம் ஓடினேன். அவவுக்கும் தெரியவில்லை. வந்த கடிதத்தில் பல்நோக்கு அறை என்று மட்டும் இருக்கிறதாம். மருந்து வைக்கவா, கூட்டம் நடத்தவா, ஆள் தங்கவா, ஒன்றும் போட்டிருக்கவில்லையாம். இரண்டு பேரும் விறாந்தையில் நின்று அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிரிப்பதா, கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

கிளினிக் முடித்து வந்த சீனித்தம்பி அண்ணன் எங்களைக் கடந்து நேரே அங்கே போனார். கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தார். துவாயை மணலில் விரித்தார். பிறகு மெல்லக் குந்தி, கையூன்றி, அந்த வெயிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். தலைக்கு ஒன்றும் வைக்கவில்லை.

"அப்பு, ஒழும்புங்க, கயிறு குழம்புது" என்று மேசன் கத்தினார்.

டொக்டர் விறாந்தைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தா. "ஐயா, மூச்சு முட்டுதா?"

"இல்ல டொக்டர் புள்ள." அவர் கால்களை இன்னும் கொஞ்சம் நீட்டி, குதிகாலுக்கும் கயிற்றுக்கும் இடையில் எவ்வளவு இருக்கிறதென்று தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்.

"இடம் காணும்" என்றார்.